மப்பு போட்ட ராத்திரியில் புழுக்கம், இன்சாட் படத்தில் மேகமே இல்லை: எது சரி?

மல்லிக்காடு
அக்டோபர் 5, இரவு 11:48

வணக்கம். உசிலம்பட்டிக்கு மேற்கால எங்க தோட்டம். மல்லியும் கொஞ்சம் கத்தரியும். இந்த மழைக்குழுவை ரொம்ப நாளா வாசிக்கிறேன், எழுதுறது இதுதான் முதல் தடவை.

ஒரு வாரமா ஒரு விஷயம் மண்டையைக் குடையுது. ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நம்ம வானிலைச் செயற்கைக்கோள் இன்சாட்டோட அகச்சிவப்புப் படத்தைத் திறந்து பார்க்கிறது என் வழக்கம். நேத்து பத்து மணிப் படத்துல எங்க ஊர் மேல வெள்ளையே இல்லை, கறுத்த சாம்பல்தான். வானம் தெளிஞ்சிருக்குன்னு நினைச்சு மாடிக்குப் போனா ஒரு நட்சத்திரம்கூடத் தெரியல. அடர்ந்த மப்பு. இலை அசையல, விசிறி இல்லாம உக்கார முடியல. களத்துல தொங்கவிட்ட தெர்மாமீட்டர், முந்தின நாள் தெளிஞ்ச ராத்திரியைவிட மூணு டிகிரி கூடுதலாக் காட்டுச்சு.

அப்பா சொல்வார், மப்பு பகல்ல குடை, ராத்திரியில கம்பளின்னு. அது சரியாத்தான் இருக்கு. என் கேள்வி ரெண்டு. தலைக்கு மேல இவ்வளவு மேகம் இருக்கும்போது செயற்கைக்கோளுக்கு ஏன் தெரியல? குடையும் கம்பளியும் ஒண்ணாவே இருக்கிற பொருள், மொத்தத்துல பூமியைச் சூடாக்குதா, குளிர வைக்குதா? யாராவது இதை அளந்திருக்காங்களா?

ஒத்தக்கடை
அக்டோபர் 6, காலை 6:15

முதல் கேள்விக்கு எனக்குத் தெரிஞ்சது: அகச்சிவப்புப் படத்துல வெள்ளைன்னா மேகம்னு அர்த்தமில்லை, குளிர்னு அர்த்தம். உயரமான மேகம் குளிர்ச்சி, அதனால வெள்ளை. உங்க மேல கிடந்தது தாழ்ந்த மேகமா இருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார்
அக்டோபர் 6, காலை 8:02

ஒத்தக்கடைத் தம்பி சரியாகச் சொல்லிவிட்டார். திருமங்கலத்தில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவன் நான். கணக்கோடு சொன்னால்தான் இந்த விஷயம் மனதில் நிற்கும் என்பது என் அனுபவம்.

வெப்பம் உள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வீசிக்கொண்டே இருக்கும். எவ்வளவு வீசும் என்பது அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. ஸ்டெஃபான், போல்ட்ஸ்மன் இருவரின் விதி. 27 டிகிரியில் இருக்கும் தரை, அதாவது 300 கெல்வின், சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 459 வாட் வீசும். தாழ்ந்த மேகம் ஒன்று 17 டிகிரியில் இருந்தால் 401 வாட். ஐப்பசி இடிமேகத்தின் உச்சி மைனஸ் 70 டிகிரியில் இருந்தால் வெறும் 96 வாட்.

இப்போது மேலேயிருந்து பார்க்கும் கருவியை நினைத்துக்கொள்ளுங்கள். 459-க்குப் பக்கத்தில் 401 கிடந்தால் அதற்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, சாம்பலுக்குள் சாம்பல். 96 கிடந்தால் பளீர் வெள்ளை.

மல்லிக்காடு தம்பி மாடியில் நின்று பார்த்தது மேகத்தின் அடிப்பக்கம். தெளிந்த இரவில் தரை வீசும் கதிரில் ஒரு பகுதி நேராக விண்வெளிக்குத் தப்பிவிடும். தாழ்ந்த மேகம் இருந்தால் அது அந்தக் கதிரை விழுங்கிவிட்டு, தன் பங்குக்கு 400 வாட் அளவில் நம்மை நோக்கித் திருப்பி வீசும். உங்கள் அப்பா கம்பளி என்று சொன்னது இயற்பியல்படி நல்ல சொல்தான்.

மாடிச்சூரியன்
அக்டோபர் 6, காலை 10:40

திருநகர்ல இருக்கேன், மாடியில 3 கிலோவாட் சோலார். குடை பக்கத்தை நான் தினமும் இன்வெர்ட்டர்ல பார்க்கிறேன். கறுத்த மேகம் வந்தா உற்பத்தி அஞ்சுல ஒரு பங்குக்கு விழுந்துரும். ஆனா பஞ்சு பிய்ச்சுப் போட்ட மாதிரி உயரத்துல கிடக்குற மெல்லிசு மேகம் வந்தா வீட்ல யாருக்கும் வித்தியாசமே தெரியாது, வெயில் அப்படியே அடிக்கும். மீட்டர்ல மட்டும் லேசா குறையும்.

இன்னொண்ணு, திரள் மேகம் சூரியனுக்குப் பக்கத்துல வந்து, ஆனா சூரியனை மறைக்காம இருக்கிற சில நிமிஷம், தெளிஞ்ச வானத்தைவிட அதிகமா உற்பத்தி ஆகும். முதல்ல மீட்டர் கோளாறுன்னு நினைச்சேன். மேகத்தோட ஓரம் வெளிச்சத்தைச் சிதறடிச்சு நம்ம பக்கம் திருப்பிவிடுதுன்னு அப்புறம் தெரிஞ்சுக்கிட்டேன். நேரா வர்ற வெயிலும் உண்டு, இந்த உபரியும் உண்டு.

கதிர்க்கணக்கு
அக்டோபர் 6, இரவு 9:20

எல்லாருக்கும் வணக்கம். பிறந்து வளர்ந்தது செல்லூர். இப்ப வெளியூர்ல, செயற்கைக்கோள் கதிர்வீச்சுத் தரவை வச்சுத்தான் ஆராய்ச்சி. மல்லிக்காடு அண்ணன் கேட்ட ரெண்டாவது கேள்வியில்தான் என் பொழப்பே ஓடுது, அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன்.

முதல்ல வரவு. சூரியன்லேருந்து பூமியோட தூரத்துல சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1361 வாட் வருது. பூமி உருண்டை, பாதி எப்பவும் இருட்டு, அதனால பூமி முழுசுக்கும் சராசரியாப் பங்கு போட்டா 340 வாட். அதுல கிட்டத்தட்ட 100 வாட் மேகம், பனி, மணல், கடல், காற்றுன்னு பட்டுத் திரும்பிப் போயிடுது. மீதி 240 உள்ளே தங்குது. பூமி சூடாகாம குளிராம இருக்கணும்னா அதே 240 அகச்சிவப்பா வெளியே போகணும்.

இந்தக் கணக்கில் மேகத்தோட பங்கைப் பிரிக்கிற வழி ரொம்ப எளிமையானது. ஒரே இடத்துல தெளிஞ்ச நேரத்துல எவ்வளவு திரும்புது, எவ்வளவு வெளியேறுது, மேகத்தோட சேர்த்து எவ்வளவுன்னு அளந்து கழிக்கிறது. இதை பூமி முழுக்க முதல்ல செஞ்சு காட்டின குழுவுக்குத் தலைமை வகிச்சவர் நம்ம தமிழ்நாட்டுக்காரர், வீரபத்ரன் ராமநாதன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துல பொறியியல் படிச்சவர். 1989-ல் வந்த அந்தக் கட்டுரை 1985 ஏப்ரல் மாசத் தரவை வச்சு எழுதினது. மேகம் வெயிலைத் திருப்பி அனுப்புறதால பூமிக்கு 44.5 வாட் நஷ்டம். அகச்சிவப்பைப் பிடிச்சு வைக்கிறதால 31.3 வாட் லாபம். கழிச்சா 13.2 வாட் நஷ்டம். அதாவது குடைதான் ஜெயிக்குது, மேகம் மொத்தத்துல பூமியைக் குளிர வைக்குது. பிறகு வந்த நல்ல கருவிகள் இந்த நிகரக் குளிர்ச்சியை 20 வாட்டுக்குப் பக்கத்துல வைக்குது.

13 வாட் சின்ன எண் மாதிரி தெரியும். கார்பன் டை ஆக்சைடு இரட்டிப்பானா வர்ற தாக்கத்தைப் போல அது நாலு மடங்கு. மேகம் கொஞ்சம் இடம் மாறினாலோ உயரம் மாறினாலோ எவ்வளவு ஆட்டம் காணும்னு யோசிச்சுப் பாருங்க.

இனி நான் முக்கியமா சொல்ல வந்தது. அண்ணன் களத்துல உணர்ந்த புழுக்கம் அடிவாசல் கணக்கு. பூமியோட கணக்கு மேல்வாசல்ல நடக்குது, வளிமண்டலத்தோட உச்சியில. ரெண்டும் ஒண்ணு இல்லை. தாழ்ந்த மப்பு நமக்கு நல்ல கம்பளி, ஆனா அதோட உச்சி தரை மாதிரியே கதகதப்பா இருக்கிறதால விண்வெளிக்குப் போற கதிரை அது ஏறக்குறைய குறைக்கிறதே இல்லை. மாடிச்சூரியன் அண்ணன் சொன்ன மெல்லிய கீற்று மேகம் இதுக்கு நேரெதிர். வெயிலை விட்டுரும், நம்ம மதுரை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊர்ல ராத்திரியும் கீழே நமக்கு அது இருக்கிறதே உறைக்காது. ஆனா பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்துல உறைஞ்சு கிடக்குற அந்தப் பனித்துகள்தான் கீழேருந்து போற வெப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு, தன் குளிர்ச்சிக்கு ஏத்த மாதிரி கொஞ்சமா மட்டும் வெளியே விடுது. நாம உணர்ற மேகம் வேற, பூமியைச் சூடாக்குற மேகம் வேற. அதனாலதான் மேலேருந்து அளக்காம இந்தக் கேள்விக்கு விடை சொல்லவே முடியாது.

மல்லிக்காடு
அக்டோபர் 6, இரவு 10:31

அக்கா, மூணு தடவை வாசிச்சேன். அப்ப எனக்கு வேர்க்க வைக்கிற மேகம் பூமியைக் குளிர வைக்குது, எனக்குத் தெரியவே தெரியாத மேகம் சூடாக்குதுன்னு எடுத்துக்கலாமா?

கதிர்க்கணக்கு
அக்டோபர் 6, இரவு 10:44

ஆமாண்ணே. ராத்திரி மட்டும் பார்த்தா தாழ்ந்த மேகம் மேல்வாசல்ல கிட்டத்தட்ட எதுவும் செய்யாது. அதே மேகம் விடிஞ்சும் கிடந்தா, வெயிலைத் திருப்பி அடிச்சு நல்லாக் குளிர வைக்கும்.

கம்பம் பள்ளத்தாக்கு
அக்டோபர் 7, காலை 7:10

எங்க பக்கத்துக்கு இந்த அகச்சிவப்பு எண் நேரடிச் சோறு. தென்மேற்குப் பருவமழை கேரளாவுல தொடங்கிருச்சுன்னு வானிலைத் துறை சும்மா அறிவிக்கிறதில்லை. குறிப்பிட்ட 14 நிலையங்கள்ல 60 சதவீதத்துல ரெண்டு நாள் தொடர்ந்து 2.5 மில்லிமீட்டர் மழை பெய்யணும், மேற்குக் காற்றுக்கு ஒரு கணக்கு இருக்கு, அதோட மூணாவதா இன்சாட் அளக்குற வெளியேறும் நெட்டலைக் கதிர்வீச்சு, அதாவது விண்வெளிக்குப் போற அகச்சிவப்பு, 200 வாட்டுக்குக் கீழே இறங்கியிருக்கணும். எங்கே அளக்கணும்னும் வரையறை இருக்கு, வடக்கு அட்சரேகை 5 முதல் 10 வரை, கிழக்குத் தீர்க்கரேகை 70 முதல் 75 வரை. அரபிக்கடல் மேல, லட்சத்தீவை ஒட்டி.

தெளிஞ்ச வானம்னா அங்க 280, 290 வாட் வெளியே போகும். அது 200-க்குக் கீழே விழுந்தா உயரமான அடர்ந்த மேகம் கடலை மூடிருச்சுன்னு அர்த்தம். முல்லைப் பெரியாறு நீர்ப்பிடிப்பு மலைக்கு அந்தப் பக்கம். அங்க பெய்ஞ்சாத்தான் எங்களுக்கு முதல் போகம், வைகை அணைக்கு வரத்து, மேலூர் வரைக்கும் தண்ணி. வைகாசியில நான் தினமும் அந்த எண்ணைத்தான் பார்ப்பேன்.

கீற்றுமேகம்
அக்டோபர் 7, மாலை 5:35

மேலூர்ல பதினொண்ணாவது படிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம் அக்கா. செயற்கைக்கோள் வெயிலையும் அகச்சிவப்பையும் தனித்தனியா எப்படி அளக்கும்? கேமரா மாதிரி படம் பிடிக்குமா?

ஓய்வுபெற்ற வாத்தியார்
அக்டோபர் 7, இரவு 7:50

நல்ல கேள்வி, மகளே. இதன் தொடக்கம் அழகானது, வீட்டிலேயே செய்து பார்க்கலாம். 1959 அக்டோபரில் ஏவிய எக்ஸ்ப்ளோரர் 7 செயற்கைக்கோளில் வெர்னர் சுவோமி என்ற அறிஞர் சிறு அரைக்கோளங்களைப் பொருத்தினார். சில கறுப்பு, சில வெள்ளை. கறுப்பு வெயிலையும் வாங்கும், அகச்சிவப்பையும் வாங்கும். வெள்ளை வெயிலைத் திருப்பிவிடும், ஆனால் அகச்சிவப்பை வாங்கிக்கொள்ளும். இரண்டின் வெப்பநிலையையும் பார்த்தால் வெயில் எவ்வளவு, அகச்சிவப்பு எவ்வளவு என்று பிரித்துவிடலாம். அவ்வளவுதான் கருவி. பூமியின் வரவு செலவை மனிதன் விண்வெளியிலிருந்து எடுத்த முதல் அளவு அது.

உன் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு தெர்மாமீட்டர் கிடைத்தால் ஒன்றின் குமிழில் விளக்குக்கரி பூசு, மற்றதில் வெள்ளை பூசு. பகலில் மாடியில் வை, பிறகு நிழலில் வை. நோட்டில் எழுதிக்கொண்டே வா.

கதிர்க்கணக்கு
அக்டோபர் 7, இரவு 9:15

ஐயா சொன்ன அதே தத்துவம்தான் இன்னைக்கும். இப்ப முக்கியமான கருவியோட பேர் செரெஸ். அது படம் பிடிக்காது தங்கச்சி. ஒரு சின்னக் கறுப்புத் தகடு கதிரை வாங்கிச் சூடாகும், அந்தச் சூட்டைத்தான் அளக்கும். கீழே ஒரு பார்வைக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் அகலம், அதாவது நாகமலையிலேருந்து ஒத்தக்கடை தாண்டி எல்லாம் ஒரே புள்ளி. ஒரு வழியில வடிகட்டி வச்சு வெயிலை மட்டும் அளக்கும், இன்னொரு வழியில எல்லாத்தையும் சேர்த்து அளக்கும். மொத்தத்துல வெயிலைக் கழிச்சா அகச்சிவப்பு. ராத்திரியில கழிக்க வேண்டிய வேலையே இல்லை.

முதல் செரெஸ் 1997-ல் டிஆர்எம்எம் செயற்கைக்கோள்ல போச்சு. 1999-ல் டெர்ரா, 2002-ல் அக்குவா, 2011-ல் சுவோமி பேர் வச்ச எஸ்என்பிபி, 2017-ல் நோவா-20. ராமநாதன் குழு பயன்படுத்தின ஈஆர்பிஎஸ் செயற்கைக்கோள் அதுக்கும் முந்தினது. 1984-ல் சேலஞ்சர் விண்வெளி ஓடத்துலேருந்து வீராங்கனை சாலி ரைடு இயந்திரக் கையால அதை விண்வெளியில விட்டாங்க. அப்ப அதோட சோலார் தகடு விரியாம சிக்கிக்கிச்சு. அந்தக் கையாலேயே குலுக்கி, வெயில் படும்படி பிடிச்சு விரிய வச்சாங்க. ரெண்டு வருஷம் உழைச்சாப் போதும்னு அனுப்பினது 2005 வரைக்கும் உழைச்சது.

கஷ்டமான இடம் ஒண்ணு சொல்றேன். கருவி ஒரு திசையில வர்ற கதிரைத்தான் பார்க்கும். நமக்கு வேண்டியது எல்லாத் திசையிலும் போற மொத்தம். கடல்மேல சாயங்கால வெயில் ஒரு கோணத்துல கண்ணைக் கூசும், ரெண்டடி தள்ளி நின்னா ஒண்ணும் இல்லை, பாத்திருப்பீங்க. மேகமும் அப்படித்தான், திசைக்கு ஒரு வெளிச்சம். அதனால டெர்ரா, அக்குவாவுல கருவியைச் சுழல விட்டு, எந்த வகை மேகம் எந்தக் கோணத்துல எவ்வளவு திருப்புதுன்னு வருஷக்கணக்கா பாடம் படிச்சாங்க. பக்கத்துலயே மோடிஸ்னு ஒரு படக்கருவி இருந்து அது என்ன மேகம், என்ன உயரம்னு சொல்லிக் கொடுத்துச்சு. ஒரு பார்வையை மொத்தமா மாத்துறது அந்தப் பாடத்தாலதான்.

ஒத்தக்கடை
அக்டோபர் 8, காலை 6:40

எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு, கேட்டுடுறேன். அக்குவா மதியம் 1:30 மணி வாக்குல நம்ம தலைக்கு மேல போகும்னு படிச்சேன், டெர்ரா காலை 10:30. நம்ம ஊர்ல இந்த மாசம் என்ன நடக்குது? காலையில சுள்ளுனு வெயில், மதியம் சிறுமலை மேலயும் நாகமலை மேலயும் பஞ்சு மாதிரி கிளம்பும், நாலு மணிக்கு மேல கறுத்து, அஞ்சு ஆறுக்கு இடியோட கொட்டும். ஒன்றரைக்குப் போறவன் அந்த இடிமேகத்தையே பார்க்கப் போறதில்லையே. பாக்காத மேகத்துக்கு எப்படிக் கணக்கு எழுதுறாங்க?

கதிர்க்கணக்கு
அக்டோபர் 8, இரவு 8:05

இந்த உறுத்தல் ஆராய்ச்சி செய்றவங்களுக்கும் நிறைய நாள் இருந்துச்சு அண்ணே. இதுக்கு ரெண்டு வழி.

ஒண்ணு, இன்சாட் மாதிரி பூமியோட சேர்ந்தே சுத்தி ஒரே இடத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற செயற்கைக்கோள். இன்சாட்-3டிஆர் அரைமணிக்கு ஒரு தடவை முழுசாப் படம் எடுக்கும். 2024 பிப்ரவரியில போன இன்சாட்-3டிஎஸ் கூட மாத்தி மாத்தி எடுக்கும்போது கால்மணிக்கு ஒரு படம் கிடைக்கும். ஆனா அது குறிப்பிட்ட சில அலைநீளத்தை மட்டும் பார்க்கிற கருவி, மொத்தக் கதிரையும் எடை போடுற தராசு இல்லை. செரெஸ் தராசு, இன்சாட் வகைகள் கடிகாரம். உலகம் பூரா இருக்கிற இந்தக் கடிகாரங்களை வச்சு செரெஸ் பாக்காத மணிநேரங்களை நிரப்புறாங்க.

இன்னொரு வழி நம்ம நாடே செஞ்சது. அதைப் பத்தி எழுதும்போது எனக்கு மனசு நிறையும். இஸ்ரோவும் பிரான்சும் சேர்ந்து செஞ்ச மேகா டிராபிக்ஸ் செயற்கைக்கோள், 2011 அக்டோபர் 12-ல் ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து பிஎஸ்எல்வி-சி18-ல் போச்சு. மத்தது எல்லாம் துருவத்துக்குத் துருவம் ஓடும்போது இது பூமத்திய ரேகைக்கு 20 டிகிரி சாய்வுலயே சுத்திச்சு. மதுரை 10 டிகிரிக்குப் பக்கம், அதனால ஒரே நாள்ல பல தடவை நம்மைக் கடந்துச்சு. காலை, மதியம், சாயங்காலம், நடுராத்திரின்னு கடக்குற நேரமும் நாளுக்கு நாள் நகரும். நம்ம அஞ்சு மணி இடிமேகத்தைத் தராசோட போய்ப் பார்த்தது அதுதான். ஸ்காராப்னு கதிர்வீச்சுக் கருவி, சபீர்னு ஈரப்பதக் கருவி, மழைக்கு மாட்ராஸ்னு ஒண்ணு. நம்ம மதராஸ் பேரேதான். அந்த மாட்ராஸ் 2013 தொடக்கத்துலயே நின்னு போச்சு, மத்தது தொடர்ந்து வேலை செஞ்சது. 2023 மார்ச் 7-ல் இஸ்ரோ அதைக் கட்டுப்பாட்டோட இறக்கிப் பசிபிக் மேல எரிய விட்டாங்க. அதுக்கு அடுத்து அதே மாதிரி ஒண்ணு நம்ம அட்சரேகைக்குன்னே போகணும்ங்கிறது என் ஆசை. வெப்பமண்டல மேகத்தை ஓட்டை இல்லாம படிக்க வேற குறுக்குவழி இல்லை.

கம்பம் பள்ளத்தாக்கு
அக்டோபர் 8, இரவு 9:30

தங்கச்சி, பருவமழை மேகம் பத்தி ஒண்ணு கேக்கணும். உயரமான இடிமேகத்துல வெயில் நஷ்டமும் அகச்சிவப்பு லாபமும் ஏறக்குறைய சமமாகி அடிபட்டுப் போகும்னு எங்கேயோ படிச்சேன். அப்படின்னா எங்க பருவமழை மேகம் பூமிக்கு ஒண்ணுமே செய்யலையா?

கதிர்க்கணக்கு
அக்டோபர் 8, இரவு 10:12

மேற்குப் பசிபிக் வெப்பக்கடல் மேல அது சரி அண்ணே, கிட்டத்தட்ட சமம்தான். நம்ம பருவமழை அப்படி இல்லை. ராஜீவன், ஸ்ரீனிவாசன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-ல், ராமநாதன் குழு பயன்படுத்தின அதே ஈஆர்பிஈ திட்டத்தோட தரவை வச்சுக் காட்டினாங்க, ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆசியப் பருவமழைப் பகுதியில நிகரத் தாக்கம் 30 வாட்டுக்கும் மேல நஷ்டம். உயரமான மேகம் நிறைய இருக்கு, அதோட ரொம்பத் தடிமனாவும் இருக்கு. தடிமன் கூடக் கூட வெயிலைத் திருப்புறது ஏறிக்கிட்டே போகும், அகச்சிவப்பைப் பிடிக்கிறது ஒரு அளவுக்கு மேல ஏறாது. அதனால இங்க குடை பக்கம் தட்டு சாயுது. உலகச் சராசரியை நம்ம வானத்து மேல அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாதுங்கிறதுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியல.

மாடிச்சூரியன்
அக்டோபர் 9, மதியம் 1:15

பூமி இப்ப வாங்குறதுக்கும் விடுறதுக்கும் 1 வாட் வித்தியாசம், அதுதான் புவி சூடாகுறதுன்னு சொல்றாங்க. 340-ல 1. என் வீட்டு மீட்டரையே ரெண்டு சதவீதம் முன்னப்பின்ன நம்புறேன். விண்வெளியில இருக்கிற கருவி 1 வாட்டை எப்படிப் பிடிக்கும்? குதர்க்கமாக் கேக்கல, நிஜமாவே புரியல.

கதிர்க்கணக்கு
அக்டோபர் 9, இரவு 9:48

நேரடியாப் பிடிக்காதுண்ணே. செரெஸோட அளவுத்திருத்தமே வெயில் பக்கம் ஒரு சதவீதம் முன்னப்பின்ன. 100-ல ஒரு சதவீதம்னாலே 1 வாட் ஆயிடும்.

அதனால மொத்தத்தோட மட்டத்தைக் கடல்கிட்டேருந்து வாங்குறாங்க. பூமிக்குள்ள தங்குற உபரி வெப்பத்துல 90 சதவீதத்துக்குப் பக்கம் கடலுக்குள்ளதான் போகுது. ஆர்கோன்னு ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் உலகக் கடல் எல்லாத்துலயும் 2000 மீட்டர் ஆழம் வரை இறங்கி ஏறி வெப்பநிலையை அளந்துக்கிட்டே இருக்கு. பத்து வருஷத்துல கடல் எவ்வளவு சூடாச்சுன்னு பார்த்தா சராசரி உபரி தெரிஞ்சுரும். செயற்கைக்கோள் கணக்கோட மட்டத்தை அதுக்குப் பொருத்திடுவாங்க.

பிறகு செயற்கைக்கோள் எதுக்குன்னு கேப்பீங்க. ஆடாத தராசுக்கு எடைக்கல் கொஞ்சம் தப்பா இருந்தாலும், போன மாசத்தைவிட இந்த மாசம் கூடுச்சா குறைஞ்சுச்சான்னு துல்லியமாச் சொல்லும். செரெஸ் அந்த மாதிரி ஆடாத தராசு. 2005-லிருந்து 2019-க்குள்ள இந்த உபரி ஏறக்குறைய இரட்டிப்பாச்சுன்னு செரெஸும் கடல் மிதவைகளும் தனித்தனியா ஒரே சரிவைக் காட்டுச்சு. ரெண்டு சம்பந்தமில்லாத அளவு ஒத்துப்போறதுதான் எனக்கு நம்பிக்கை தர்ற விஷயம்.

அந்தக் கூடுதல்ல பெரும்பங்கு பூமி வாங்குற வெயில் அதிகமானதால. கடல் மேல தாழ்ந்த மேகம் குறைஞ்சது அதுல ஒரு காரணம். அதுக்கு அப்புறம், 2020 ஜனவரியிலேருந்து கப்பல் எரிபொருள்ல கந்தகத்தை 3.5 சதவீதத்துலேருந்து 0.5-க்குக் குறைச்சாங்க. காற்று சுத்தமாச்சு, ரொம்ப நல்லது. ஆனா அந்தப் புகைத்துகள்மேல ஒட்டித்தான் சின்னச் சின்னத் துளியா வெள்ளை வெளேர்னு மேகம் உண்டாச்சு, அதுவும் கூடவே குறைஞ்சுச்சு. சூடான கடலே தாழ்ந்த மேகத்தைக் கலைக்கிறது எவ்வளவு, புகை குறைஞ்சது எவ்வளவுங்கிற பங்கைப் பிரிக்கிறதுதான் இப்ப எங்க துறையில நடக்குற பெரிய விவாதம்.

எனக்கு இருக்கிற கவலையையும் சொல்லிடுறேன். ஆடாத தராசுன்னா அது அறுபடாத தராசா இருக்கணும். பழசு நிக்கிறதுக்கு முன்னாடி புதுசு மேல போய், ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே மேகத்தைப் பார்த்து ஒத்திக்கணும். டெர்ராவும் அக்குவாவும் எரிபொருள் குறைஞ்சு கடக்குற நேரம் நழுவிக்கிட்டிருக்கு, ஆயுள் முடியப்போகுது. அடுத்த கருவி லிபேரா தயாராகிட்டு வருது. செரெஸ் ரோமானியக் கதையில வேளாண் தெய்வம், லிபேரா அவளோட மகள். மகள் வர்றவரைக்கும் நோவா-20 தாங்கணும். நடுவுல ஒரு வருஷம் அறுந்தாலும் 2000-லிருந்து கோத்த சரத்தை மறுபடி முடிச்சுப் போட முடியாது.

மல்லிக்காடு
அக்டோபர் 9, இரவு 11:05

சரம் அறுந்தா என்னன்னு பூக்காரங்க வீட்டுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லைக்கா. நல்லாப் புரியுது.

கீற்றுமேகம்
அக்டோபர் 12, மாலை 6:20

அக்கா, ஐயா, கறுப்பு வெள்ளைத் தெர்மாமீட்டர் செஞ்சாச்சு. மதிய வெயில்ல கறுப்பு நல்லா ஏறுது. சாயங்காலம் மூட்டம் போட்டதும் ரெண்டும் கிட்ட வந்துருது. ராத்திரி ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.

எங்க இயற்பியல் மிஸ் குளோப் அப்சர்வர் செயலி பத்திச் சொன்னாங்க. செயற்கைக்கோள் கடக்குற நேரத்துக்குக் கால்மணிக்குள்ள நாம மாடியிலேருந்து மேகத்தைப் பார்த்து வகை, அளவு எல்லாம் பதிஞ்சா, செயற்கைக்கோள் மேலேருந்து பார்த்ததோட ஒப்பிட்டு மின்னஞ்சல் அனுப்புறாங்களாம். அண்ணே, நீங்க உசிலம்பட்டியில, நான் மேலூர்ல, ஒரே நேரம் பார்க்கலாமா?

மல்லிக்காடு
அக்டோபர் 12, இரவு 8:00

பார்க்கலாம் தங்கச்சி. மதியம் பூப்பறிப்பு இல்லை, நான் சும்மாத்தான் இருப்பேன்.

கீற்றுமேகம்
அக்டோபர் 19, இரவு 8:25

பதில் வந்துருச்சு! புதன்கிழமை மதியம் நாங்க பதிஞ்சதுக்கு. நான் எழுதினது: தாழ்ந்த திரள் மேகம், வானத்துல பாதிக்கு மேல, உயரத்துல எதுவும் தெரியல. மின்னஞ்சல்ல செயற்கைக்கோள் சொன்னது: உயரமான மேகம் பெரும்பகுதி, தாழ்ந்தது கொஞ்சம். நான் தப்பாப் பார்த்துட்டேனா அக்கா?

கதிர்க்கணக்கு
அக்டோபர் 19, இரவு 9:02

தப்பே இல்லை. கீழேருந்து பார்க்கிற உனக்குத் திரள் மேகம் மேலே இருக்கிற கீற்றை மறைச்சுச்சு. மேலேருந்து பார்க்கிறதுக்குக் கீற்று கீழே இருக்கிற திரளை மறைச்சுச்சு. ஒரு செயற்கைக்கோள் தனியா நின்னா இந்த அடுக்கை முழுசாப் பிரிக்க முடியாது. அதுக்காகத்தான் 2006-ல் மேகத்தை ஊடுருவுற ரேடாரோட கிளவுட்சாட்டையும், லேசரோட காலிப்சோவையும் அனுப்பினாங்க. ரெண்டும் 2023-ல் ஓய்ஞ்சிருச்சு. 2024 மே மாசம் போன எர்த்கேர், ரேடார், லேசர், கதிர்வீச்சுக் கருவி மூணையும் ஒரே கூட்டுக்குள்ள வச்சிருக்கு. உன் பதிவையும் அந்த மின்னஞ்சலையும் ஒண்ணா ஒரு நோட்டுல ஒட்டி வை. ரெண்டும் சேர்ந்தாத்தான் அந்த மதியத்து வானம்.

மல்லிக்காடு
அக்டோபர் 19, இரவு 10:50

இப்ப மாடியிலேருந்துதான் எழுதுறேன். மறுபடி மப்பு, நட்சத்திரம் இல்லை. அகச்சிவப்புப் படத்துல எங்க ஊர் சாம்பல். வானிலைத் துறை தளத்துல இரவு மைக்ரோபிசிக்ஸ்னு ஒரு வண்ணப்படம் இருக்கு. 3.9 மைக்ரான் அலையையும் 10.8 மைக்ரான் அலையையும் கழிச்சுப் போடுறாங்க. தாழ்ந்த தண்ணி மேகம் அந்த ரெண்டுலயும் ஒரே மாதிரி வீசாதாம். அதுல உசிலம்பட்டியிலேருந்து ஆண்டிபட்டிக் கணவாய் வரைக்கும் தனி நிறத்துல ஒரு போர்வை விரிச்ச மாதிரி கிடக்கு. அப்பாகிட்ட போன்ல காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். விடியிறதுக்குள்ள கலைஞ்சுருமா, கத்தரிக்கு மருந்தடிக்கலாமான்னு கேக்குறார். அடுத்த கால்மணிப் படத்துக்குக் காத்திருக்கோம்.